ஒரே அட்டையில் பல பெயர்கள்

பழைய திரைப்படங்களின் தொடக்கத்தில் நாயகனுக்கும் நாயகிக்கும் தனித்தனி அட்டை உண்டு. அடுத்து வரும் இரண்டு மூன்று அட்டைகளில் எட்டுப் பத்துப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். ஆண்கள் ஒருபுறம், பெண்கள் மறுபுறம். கடைசி வரியில் "மற்றும் பலர்". அந்த அட்டை திரையில் நிற்பது சில நொடிகள்தான். அதில் இருப்பவர்கள் படத்தில் தபால்காரராக, வக்கீலாக, தோழியாக, வாயிற்காவலனாக, ஊர்ப்பெரியவராக வந்து ஓரிரு காட்சிகளில் மறைந்துவிடுவார்கள். இந்தத் துணை நடிகர்களின் வரலாறு தென்னிந்தியாவில் ஸ்டூடியோவில் தொடங்கவில்லை. நாடகக் கொட்டகையில் தொடங்குகிறது. அதன் முக்கியமான இழை ஒன்று திருவனந்தபுரம் வழியாகவும் தென்திருவிதாங்கூர் வழியாகவும் ஓடுகிறது.

திருவனந்தபுரத்தில் காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டி நீளும் வலியசாலையும், கோட்டைக்குள் இருக்கும் தெருக்களும், கரமனையும் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவரும் இடங்கள். முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி சொல்லும் காந்தளூர்ச்சாலை இந்தப் பகுதிதான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. வலியசாலைக்குப் பக்கத்திலேயே சாலைக் கடைத்தெரு. அங்கே தமிழும் மலையாளமும் கலந்துதான் வியாபாரம். 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. தமிழ் நாடகக் கம்பெனிகள் இரண்டு ஊர்களிலும் கொட்டகை போட்டன. தென்திருவிதாங்கூரின் நாட்டார் கலையான காக்காரிசி நாடகத்திலும் தமிழும் மலையாளமும் பிணைந்தே வந்தன. இந்த மண்ணிலிருந்து கிளம்பிய நடிகர்கள் இரு மொழிப் படங்களிலும் இடம்பிடித்ததில் வியப்பில்லை.

மௌனப்படக் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. அகஸ்தீசுவரத்தில் 1900-ல் பிறந்த ஜே.சி. டேனியல் திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி 'விகதகுமாரன்' படத்தை எடுத்தார். அது கேபிட்டல் கொட்டகையில் திரையிடப்பட்ட ஆண்டு 1928 என்றும் 1930 என்றும் இரு கருத்துகள் உள்ளன. அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி, காக்காரிசி நாடகத்தில் ஆடிப்பாடிவந்த தலித் பெண். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருத்தி அந்த வேடத்தில் திரையில் வந்ததைப் பொறுக்காத கூட்டம் கல்லெறிந்தது; அவர் ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. பிறகு நாகர்கோவில் பக்கம் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். அவர் துணை நடிகை அல்லர், நாயகி. ஆனால் படச்சுருள் அழிந்துபோனதால், அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் பெயர் எந்தத் துணை நடிகையின் பெயரையும்விட ஆழமாகப் புதைந்து கிடந்தது.

'மார்த்தாண்டவர்மா' படத்தின் கதை வேறு. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரிக்க, பி.வி. ராவ் இயக்கிய இந்த மௌனப்படம் 1933-ல் வெளியானது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவல்தான் கதை. நாவலின் பதிப்புரிமை தங்களுடையது என்று திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடுத்தது. படச்சுருள் பறிமுதலாகிப் பதிப்பகத்தாரிடமே தங்கிவிட்டது. தயாரிப்பாளருக்கு அது பேரிழப்பு. ஆனால் கொட்டகை கொட்டகையாக ஓடித் தேயாமல் பெட்டிக்குள் கிடந்ததால்தான் அந்தச் சுருள் பிழைத்தது. 1974-ல் புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றது. தென்னிந்திய மௌனப்படங்களில் இன்று பார்க்கக் கிடைக்கும் மிகச் சிலவற்றுள் இது ஒன்று. ஜெயதேவ், ஏ.வி.பி. மேனன், பத்மினி, தேவகி ஆகிய பெயர்கள் நிலைத்தது இதனால்தான். படத்தில் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஊர்வலக் காட்சிகளும் வருகின்றன. அவை படத்துக்காக நடிக்கப்பட்டவை அல்ல, உண்மையான ஊர்வலத்தின் காட்சிகள். சாலையோரம் நின்று வேடிக்கை பார்த்த நகரவாசிகள் தங்களை அறியாமலேயே ஒரு கதைப்படத்தின் கூட்டமாகிவிட்டார்கள்.

பேசும்படம் வந்தபோது, கணீரென்று வசனம் பேசவும் சுருதி பிசகாமல் பாடவும் ஒரே நாளில் நூறு பேர் தேவைப்பட்டார்கள். நாடகக் கம்பெனிகளில் அவர்கள் தயாராக இருந்தார்கள். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் சேர்ந்த சிறுவர்களில் திருவனந்தபுரத்தில் 1912-ல் பிறந்த டி.கே. சண்முகமும் அவருடைய சகோதரர்களும் இருந்தார்கள். பெயரின் முன்னெழுத்திலேயே திருவனந்தபுரத்தையும் தந்தை கண்ணுசாமிப் பிள்ளையையும் சுமந்த குடும்பம் அது. 1925-ல் சகோதரர்கள் தாங்களே ஒரு சபையைத் தொடங்கினார்கள். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வளர்ந்தது அந்தக் கம்பெனியில்தான், கே.ஆர். ராமசாமியும் அப்படியே.

சிறுவர்களைக்கொண்டு நடந்த இத்தகைய பாய்ஸ் கம்பெனியின் ஒழுங்குமுறை துணை நடிகனை உருவாக்குவதற்கென்றே அமைந்ததுபோல் இருந்தது. எல்லாச் சிறுவர்களும் எல்லாப் பாடங்களையும் கேட்டுக்கேட்டே மனப்பாடம் செய்திருப்பார்கள். இன்று ராஜபார்ட் போட்டவன் குரல் உடைந்தால் நாளை சேவகனாக நிற்பான். சேவகன் தேறினால் ஸ்திரீபார்ட்டுக்கு ஏறுவான். வேடம் சிறியது என்று யாரும் மறுக்க முடியாது. ஒரே இரவில் மூன்று வேடம் கட்டுவதும், ஒப்பனையை மாற்றிக்கொண்டு மறுபக்கத்துத் திரையிலிருந்து நுழைவதும் அன்றாட வேலை. டி.கே. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' இந்த உலகத்தைப் பதிவுசெய்த அரிய நூல். புகழ்பெற்றவர்களோடு, பின்னாளில் யாரும் நினைவில் வைத்திராத சக நடிகர்களையும் அவர் பெயர் சொல்லி எழுதுகிறார். தமிழ் நாடக வரலாற்றுக்கு அவர் செய்த தொண்டுகளில் இது சிறியதல்ல.

1935-ல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் வந்த 'மேனகா', டி.கே.எஸ். சகோதரர்களின் முதல் படம். ஒரு நாடகக் கம்பெனி முழுதாகப் படத்துக்குள் புகுந்துகொண்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கதாநாயகன் முதல் கடைசி வேலைக்காரன் வரை மேடையில் பழகிய முகங்கள். அடுத்த ஆண்டு எல்லிஸ் டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' வந்தது. எம்.கே. ராதா நாயகன், டி.எஸ். பாலையா, கே.ஏ. தங்கவேலு ஆகியோருக்கு அது தொடக்கம். அதே படத்தில் ரங்கையா நாயுடு என்ற போலீஸ் அதிகாரியாகச் சில காட்சிகளில் வந்துபோன இளைஞர் எம்.ஜி. ராமச்சந்திரன். அன்றைய படங்களின் தொடக்க எழுத்துகளில் அவர் பெயர் ராம்சந்தர். 1947-ல் 'ராஜகுமாரி' வரும்வரை பதினொரு ஆண்டுகள் அவர் பலரோடு அட்டையைப் பகிர்ந்துகொண்டவர்தான். அந்த அட்டையிலிருந்து அவர் வெளியேறிவிட்டார் என்பதால் அந்தக் கதை பலமுறை சொல்லப்படுகிறது. உடன் இருந்தவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை அந்த அட்டையிலேயே இருந்தார்கள். அவர்கள் வாழ்க்கையும் தோல்வி அல்ல, ஒரு தொழிலை நாற்பது ஆண்டுகள் நாணயமாகச் செய்த வாழ்க்கை.

என்.எஸ். கிருஷ்ணன் இதில் தனித்து நிற்கிறார். படத்துக்குள் தன் நகைச்சுவைப் பகுதியைத் தன் குழுவைக்கொண்டே அவர் அமைத்துக்கொண்டார். டி.ஏ. மதுரம், புளிமூட்டை ராமசாமி, கொளத்து மணி, ஆழ்வார் குப்புசாமி ஆகியோர் அந்தக் குழுவில் தொடர்ந்து வந்தவர்கள். நாயகன் படத்துக்குப் படம் மாறுவான். கிருஷ்ணனின் ஆட்கள் மாறமாட்டார்கள். கொட்டகையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரசிகனுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். அந்த முகம் வந்தவுடன் சிரிப்புக்குத் தயாராகிவிடுவான்.

பெண்களுக்குத் திரைக்குள் நுழைய நடனம் ஒரு வாசலாக இருந்தது. வலியசாலையிலிருந்து அதிக தூரமில்லாத பூஜப்புரையைச் சேர்ந்த லலிதா, பத்மினி, ராகினி சகோதரிகள் திருவாங்கூர் சகோதரிகள் என்று பெயர் பெற்றார்கள். உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்து 1948-ல் வெளியிட்ட 'கல்பனா'வில் பத்மினி நடன மங்கையரில் ஒருவராகத் தோன்றினார். அதன்பின் லலிதா - பத்மினி என்று இரு பெயரும் ஒன்றாகவே எழுத்தில் வரும்படி படம் படமாக நடனம் ஆடினார்கள். கதையோடு அந்த நடனத்துக்குத் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. அரசவையோ கனவோ போதும். விளம்பரத்தில் அந்த இரட்டைப் பெயர் இருந்தால் படத்துக்குக் கூட்டம் கூடும். 1951-ல் 'மணமகள்' பத்மினியை நாயகியாக்கியது. அதை இயக்கியவர் என்.எஸ். கிருஷ்ணன். ஒழுகினசேரிக்காரர் ஒருவர் பூஜப்புரைப் பெண்ணைப் பகிர்ந்த எழுத்திலிருந்து தனி எழுத்துக்குக் கொண்டுவந்தார் என்பது தென்திருவிதாங்கூர்க் கலைவரலாற்றில் குறிக்கத்தக்க செய்தி.

ஸ்டூடியோக்கள் வளர்ந்தபோது நாடகக் கம்பெனியின் முறை அங்கே வேறு வடிவத்தில் தொடர்ந்தது. 1935-ல் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நடிகர்களை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொண்டது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் வந்து நிற்க வேண்டும். எந்தப் படத்தில் எந்த வேடம் என்பதைக் கம்பெனிதான் தீர்மானிக்கும். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-ல் உருவானதும் இந்தக் கம்பெனியில்தான். சென்னையில் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி இதை இன்னும் பெரிதாகச் செய்தது. 1948-ல் வந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தில் ஆடிய நூற்றுக்கணக்கானோரில் பெரும்பாலோருக்குத் தனிப்பெயர் இல்லை. 'ஜெமினி பாய்ஸ்', 'ஜெமினி கேர்ள்ஸ்' என்பதே அவர்கள் அனைவருக்குமான பெயர். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, முரசின் மேல் ஒருவர்கூடத் தப்பில்லாமல் காலெடுத்து வைத்தவர்கள் இவர்கள்.

வாய்ப்புக் கேட்டு வருபவர்களைச் சந்திக்க ஜெமினியில் தனியாக ஆள் இருந்தது. ஆர். கணேஷ் என்ற இளைஞர் அந்த வேலையில் இருந்தார். வருபவர்களின் தகுதியைக் குறித்துக்கொள்வது, புகைப்படம் எடுத்து வைப்பது, கோப்பில் சேர்ப்பது என்று பகல் முழுவதும் போகும். 1947-ல் 'மிஸ் மாலினி'யில் அவரே ஒரு சிறு வேடத்தில் தோன்றினார். ஸ்டூடியோவின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு பின்னாளில் ஜெமினி கணேசன் ஆனவர் இவர். 1952 முதல் 1966 வரை அதே ஸ்டூடியோவில் பணிபுரிந்த இன்னொருவர் அசோகமித்திரன். அவருடைய 'புலிக்கலைஞன்' கதையில் வாய்ப்புத் தேடி வரும் ஒருவன் அலுவலக அறையிலேயே புலியாக மாறிக்காட்டுகிறான், பார்த்தவர்கள் நடுங்கிப்போகிறார்கள், ஆனால் அப்போது அவனுக்குத் தரப் படத்தில் இடம் இல்லை. திரையில் கால் நிமிடம் நிற்பதற்காக மனிதர்கள் எவ்வளவு கலையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள் என்பதை எந்த வரலாற்று நூலும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லவில்லை.

கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் ஸ்டூடியோக்கள் பெருகி, மாதச் சம்பள முறை தளர்ந்ததும், துணை நடிகர்கள் தினக்கூலிக்காரர்கள் ஆனார்கள். அங்கேயும் படிநிலை இருந்தது. கூட்டத்தில் நிற்பவரை ஏஜென்ட் கொண்டுவருவார். அவருக்குக் கூலியும் பேட்டாவும் உண்டு, எழுத்தில் பெயர் கிடையாது. ஒரு வரி வசனம் பேசினால் கூலி கூடும். நாலு காட்சியில் வந்தால், தயாரிப்பு நிர்வாகி மனம் வைத்தால், அட்டையில் பெயர் சேரும். அந்தப் பெயர்தான் அடுத்த படத்துக்குச் சீட்டு. அட்டையில் மேலே வருகிறோமா கீழே வருகிறோமா என்பதில் மூத்தவர்களுக்குள் மனத்தாங்கல் வந்ததும் இதனால்தான். அதை அற்ப ஆசை என்று தள்ள முடியாது.

ஒரே அட்டையில் பலர் நின்றதால் இன்னொரு சிக்கலும் வந்தது: ஒரே பெயரில் பலர். கே.ஆர். ராமசாமி, வி.கே. ராமசாமி, புளிமூட்டை ராமசாமி, பிரண்டு ராமசாமி என்று ராமசாமிகளே நாலு பேர். முன்னெழுத்து ரசிகன் மனத்தில் தங்காது. ஆகவே நாடகத்திலோ படத்திலோ பெயர் வாங்கித் தந்த வேடம் முன்னொட்டாக ஏறிக்கொண்டது. பழைய நாடக நோட்டீசில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று அச்சிட்ட வழக்கத்தின் தொடர்ச்சி இது. கள்ளபார்ட் நடராஜன் பெயரில் அது அப்படியே நிலைத்தது. அவ்வையார் வேடத்தில் மேடையை ஆண்ட டி.கே. சண்முகம் அவ்வை சண்முகம் ஆனார். 1950-ல் வந்த 'ஏழை படும் பாடு' படத்தில் ஜாவர் என்ற போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன், 'அந்த நாள்' போன்ற படங்களுக்கு எழுதியபோதும் ஜாவர் சீதாராமன்தான். நாடகத்தில் தட்டச்சராக வந்தவர் டைப்பிஸ்ட் கோபு. தேங்காய் வியாபாரியாக வந்தவர் தேங்காய் சீனிவாசன். 1965-ல் வந்த 'வெண்ணிற ஆடை' மூர்த்தி, நிர்மலா என்று இருவருக்கு வாழ்நாள் முழுவதற்குமான பெயரைத் தந்தது. 1967-ல் வந்த 'நான்' படத்தில் சலிப்போடு இழுத்துச் சொன்ன ஒற்றைச் சொல் கன்னையாவை 'என்னத்தே' கன்னையா ஆக்கியது. நாலு காட்சி நடிகருக்கு விளம்பரமோ பேட்டியோ இல்லாத காலத்தில், அந்த முன்னொட்டு அவர் கையிலிருந்த ஒரே முதலீடு.

திருவனந்தபுரம் பக்கம் அதே தேவையை ஊர்ப்பெயர் நிறைவேற்றியது. நாகர்கோவிலைச் சேர்ந்த பி. சுப்பிரமணியம் நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டூடியோவைத் தொடங்கி, 1952-ல் 'ஆத்மசகி' படத்தை வெளியிட்டார். படத்தின் தொடக்கத்தில் வரும் முருகன் உருவம் மெரிலாண்டின் முத்திரை. ஆலப்புழையின் உதயா ஸ்டூடியோவுக்குப் போட்டியாக அது ஆண்டுதோறும் படம் எடுத்தது. எனவே குறிப்பிட்ட சில நடிகர்கள் மெரிலாண்டின் ஆஸ்தான முகங்கள் ஆனார்கள். அவர்களுடைய அட்டை மத்திய, தென் கேரளத்தின் வரைபடம்போல் இருக்கும்: கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயர், ஆரன்முள பொன்னம்மா, முதுகுளம் ராகவன் பிள்ளை, அடூர் பங்கஜம், அடூர் பவானி. நகருக்குள்ளிருந்தே பட்டம் சதன், வஞ்சியூர் மாதவன் நாயர் வந்தார்கள். பட்டம் சதன் தமிழ்ப் படங்களிலும் தென்பட்டார். இந்த வழக்கம் தொலைக்காட்சிக் காலம்வரை நீண்டது. நாடகத்திலும் தொடர்களிலும் அறியப்பட்ட வலியசாலை ரமேஷ் தன் தெருவின் பெயரைத் திரையெழுத்தில் ஏற்றினார்.

இவர்களில் இருவரைத் தனியே சொல்ல வேண்டும். முதுகுளம் ராகவன் பிள்ளை 'பாலன்' படத்தின் திரைக்கதை, வசனம், பாடல்கள் எழுதியவர். மலையாளப் பேசும்படத்துக்கு முதல் சொல்லைத் தந்தவர், பிறகு பல பத்தாண்டுகள் காரியஸ்தராகவும் தாய்மாமனாகவும் சிறு வேடங்களில் வந்துகொண்டே இருந்தார். ஆரன்முள பொன்னம்மா 1950-ல் 'சசிதரன்' படத்தில் மிஸ் குமாரிக்குத் தாயாக நடித்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அன்றிலிருந்து மலையாளத் திரையின் நாயகர்களுக்கெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தாயாகவும் பின்பு பாட்டியாகவும் அவரே வந்தார். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'கதாபுருஷன்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தபோது எண்பது வயது கடந்திருந்தது.

சென்னையில் 1952-ல் தென்னிந்திய நடிகர் சங்கம் உருவானது. என்.எஸ். கிருஷ்ணன் அதன் தலைவர்களில் ஒருவராக இருந்தார், எம்.ஜி.ஆர். பொறுப்பில் 'நடிகன் குரல்' என்ற இதழ் வந்தது. நாடக நடிகர்களுக்கும் அதில் இடம் இருந்தது. கூட்டக் காட்சிக்கு வருவோர் தங்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டார்கள். கூலி, வண்டி, சாப்பாடு, விபத்து உதவி என்று சங்கங்களால் பலவற்றைப் பேசிப் பெற முடிந்தது. எழுத்தில் பெயர் போடுவது மட்டும் பெரும்பாலும் கம்பெனியின் விருப்பமாகவே நீடித்தது.

ஆகவே இன்று ஒரு துணை நடிகரைத் தேடுபவர் படத்தை மட்டும் நம்ப முடியாது. 1930-களில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. வெள்ளிச்சத்துக்காகச் சுருள்கள் உருக்கப்பட்டதும் உண்டு. மிஞ்சியவற்றிலும் தொடக்க எழுத்து பலமுறை ஓடித் தேய்ந்திருக்கிறது, அல்லது மறுவெளியீட்டில் வெட்டப்பட்டிருக்கிறது. பெயர்களைக் காப்பாற்றியது பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற மட்டமான தாள், மேலட்டையில் நாயகன், நாயகி, உள்ளே "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும் கதைச்சுருக்கம், பிறகு பாடல்கள். அதற்கு முன்னால் பாத்திரங்களின் பட்டியல் இருக்கும். இடப்புறம் பாத்திரம், வலப்புறம் நடிகர், நடுவில் புள்ளிக்கோடு. திரையில் "மற்றும் பலர்" என்பதற்குள் கரைந்த சேவகனுக்கும் தோழிக்கும் இங்கே தனி வரி கிடைத்தது. பாடலைப் படிக்கவே வாங்கப்பட்ட அந்தப் புத்தகங்கள் இப்போது அந்தப் படங்களுக்கு எஞ்சியிருக்கும் முதல்தர ஆதாரம்.

அவற்றைத் திரட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். வெளியான ஒவ்வொரு தமிழ்ப் படத்துக்கும் நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பட்டியலை ஆண்டு வரிசையில் தொகுத்து, 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற பெருநூலாக்கினார். அவர் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு வாங்கிக்கொண்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைக்கொண்டு 1994-ல் சென்னையில் திறக்கப்பட்ட ஆராய்ச்சி நூலகத்திலும் பாட்டுப் புத்தகங்கள் நிறைய உள்ளன. சு. தியடோர் பாஸ்கரன், அறந்தை நாராயணன், ராண்டர் கை ஆகியோரின் எழுத்துகள் இத்தகைய தாள்களைத் துருவியே உருவாயின. ஒரு படத்தின் பாட்டுப் புத்தகத்தையும் எஞ்சிய பிரதியையும் அருகருகே வைத்து, எந்த முகம் எந்தப் பெயர் என்று பொருத்திப் பார்க்கும் வேலை ஒரு சில படங்களுக்கே நடந்திருக்கிறது.